த்ரீ நாட் த்ரீக்கு எந்த எண்ணெய்?

வெள்ளிமலையில் ஒரு ஜனவரிக் காலை. பள்ளிக்கூட மைதானத்தில் பனி அப்படி இறங்கியிருந்தது. எதிரே நட்டிருந்த கொடிக்கம்பத்தின் அடிப்பாகம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மேலே கொடி கட்டியிருக்கிறார்கள் என்பதை நாங்களாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நாங்கள் கல்லூரி மாணவர் படையின் பெண்கள் அணி, பத்துப் பேர். காக்கி உடுப்பு, வெள்ளைக் கையுறை, கொண்டைக்கு மேல் தொப்பி. ஆளுக்கொரு த்ரீ நாட் த்ரீ ரைஃபிள். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பவானியின் பல்லும் என் பல்லும் ஒரே தாளத்தில் அடித்தன. அந்த வருஷம் முழுக்க எங்கள் டிரில்லில் அவ்வளவு ஒற்றுமை வந்ததில்லை.

"நிரீக்ஷண் கே லியே, ஜாஞ்ச் ஷஸ்த்ர்," என்றார் ஹவில்தார் சார்.

ஆயுதத்தைத் திறந்து காட்டு என்று அர்த்தம். ரைஃபிளை மார்புக்குக் குறுக்கே தூக்கிப் பிடித்து, வலது கையால் போல்ட்டை மேலே தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். போல்ட் என்பதைத் துப்பாக்கியின் தாழ்ப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தாழ்ப்பாளும் ஒரே நேரத்தில் 'சடக்' என்று திறக்கும். அணிவகுப்பில் எனக்கு உலகத்திலேயே பிடித்த சத்தம் அதுதான்.

அன்றைக்கு எந்தச் சத்தமும் வரவில்லை.

என் போல்ட் அசையவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து ஓரக்கண்ணால் பார்த்தேன். பவானி உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மலர்க்கொடி, கிணற்றில் விழுந்த வாளியைத் தூக்குகிறவள் மாதிரி இரண்டு கையாலும் முக்கினாள். மொத்த வரிசையிலும் ஒரு தாழ்ப்பாள்கூடத் திறக்கவில்லை.

ஹவில்தார் சார் என் முன்னால் வந்து நின்றார். குனிந்து போல்ட்டை முகர்ந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் கொண்டையை முகர்ந்தார். இரண்டும் ஒரே வாசனை.

"எஸ்தர்," என்றார். "இது இன்னா எண்ணெ?"

## எங்களிடம் துப்பாக்கி வந்த கதை

போன வாரம் விடுதிக் குளியலறையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'நீ படிக்கவே போகலயா?' என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர். போனேன் ஐயா. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல். இந்த வாரக் கதையில் வேதியியலும் வருகிறது. வந்து எங்களை எந்தக் கதிக்கு ஆளாக்கியது என்பதையும் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரிப் படையில் அதுவரை ரைஃபிள் பையன்களுக்கு மட்டும்தான். பெண்கள் கொடி பிடிப்போம். விழாவுக்கு வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்போம். கற்கண்டுத் தட்டை நீட்டுவோம். மிலிட்டரியில் கற்கண்டுக்கு என்ன வேலை என்று நான் கேட்டதற்கு யாரும் பதில் சொன்னதில்லை.

அந்த வருஷம்தான் புதிய ஹவில்தார் சார் வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். மீசையைத் தவிர மற்ற எல்லாமே இறுக்கமாக இருக்கும். "பொண்ணுங்களும் தூக்கட்டும்" என்று சொல்லிப் பத்து ரைஃபிளையும் எங்களிடம் கொடுத்தார்.

பையன்களின் தலைவன் தினேஷுக்கு வயிறு எரிந்தது. "சார், அதுங்களுக்கு மெயின்டன் பண்ணத் தெரியாது சார். துரு புடிக்க வுட்ருவாளுங்க," என்றான்.

"ஒரு துரு பாத்தேன்னா ரைஃபிள் உங்கிட்ட வந்துரும். போதுமா?" என்றார் சார்.

போட்டி அன்றைக்கு ஆரம்பித்தது. ஒரு துரு, ஒரு கோளாறு, முடிந்தது கதை. நாங்கள் மறுபடியும் கற்கண்டுத் தட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ரைஃபிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் காலத்து மிலிட்டரி சாமான் அது. நிறைகுடத்தின் கனம். பின்பக்கத்தில் பித்தளைத் தகடு. எந்தச் சண்டைக்குப் போய்த் திரும்பியதோ, மரக்கட்டையெல்லாம் தழும்பு. இப்போது அது சுடாது. வெறும் பயிற்சிக்குத்தான் என்று குழாயின் பக்கவாட்டில் டிரில் போட்டு ஓட்டை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்க வேண்டிய ஊசியையும் பிடுங்கிவிட்டார்கள்.

சுடவே சுடாத, பக்கத்தில் ஓட்டை போட்ட துப்பாக்கிக்கு எந்த எண்ணெய் போடுவது என்பதற்காகத்தான் நாங்கள் ஒரு வருஷம் சண்டை போட்டோம்.

## குங்குமத்தோடு போன நம்பர்

முதல் ஆபத்து ஆயுத பூஜை ரூபத்தில் வந்தது.

வருஷத்துக்கு ஒரு நாள் நிஜமான ஆயுதத்துக்குப் பூஜை போடுகிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மற்ற துறைகளில் மைக்ராஸ்கோப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பத்து ரைஃபிளையும் வரிசையாகச் சாத்தி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், குழாய் வாயில் செவ்வந்திப் பூ என்று அமர்க்களப்படுத்தினோம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான்தான் சந்தனம் கரைத்தேன். பொரியைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

லீவு முடிந்து வந்து பார்த்தால் சந்தனம் காய்ந்து காரையாகியிருந்தது. குறி பார்க்கிற கம்பியின் சின்னச் சின்ன எண்களுக்குள்ளே குங்குமம் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தோம். குங்குமம் கரைந்து இன்னும் உள்ளே போனது.

பவானி தன் பையிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்தாள். ரிஷிவந்தியத்துப் பெண். எந்தப் பிரச்சினைக்கும் அவள் பையில் ஒரு பாட்டில் இருக்கும்.

"இது அசிட்டோன்டி," என்றேன் நான், வேதியியல் கெத்தோடு. "நல்ல கரைப்பான். தாராளமா போடு."

தாராளமாகத்தான் போட்டாள். குங்குமம் போனது. கூடவே கட்டையின் வார்னிஷ் போனது. கட்டையில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த ரைஃபிள் நம்பரும் போனது.

"நம்பர் எங்க?" என்றார் ஹவில்தார் சார்.

"கொங்குமத்தோட போச்சி சார்," என்றாள் பவானி.

சார் வானத்தைப் பார்த்தார். தினேஷ் எங்களைப் பார்த்தான். துரு இல்லை என்பதால் அன்றைக்குத் தப்பித்தோம். நம்பரை நான் என் கையாலேயே திரும்ப எழுதினேன். ஆறும் ஒன்பதும் இன்றைக்கும் தலைகீழாகத்தான் இருக்கின்றன என்று கேள்வி.

இதே சூட்டில் மலர்க்கொடி பின்பக்கத்துப் பித்தளைத் தகட்டுக்குப் புளி போட்டுத் தேய்த்தாள். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ஆனால் புளித்தண்ணி வழிந்து விசைப் பக்கம் போய், கறுப்பு இரும்பில் ஒரு வெள்ளைத் திட்டு உண்டாக்கிவிட்டது. அந்தத் திட்டை மறைக்கவே அவள் அணிவகுப்பில் எப்போதும் நான்கு விரலையும் அகட்டி வைத்துப் பிடிப்பாள். அது ஏதோ ஸ்டைல் என்று நினைத்து ஜூனியர்களும் அப்படியே பிடிக்க ஆரம்பித்தார்கள்.

## பட்டறையில் ஆராய்ச்சி

எனக்கு ஊர் மூங்கில்துறைப்பட்டு. அப்பா டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறார். கரும்பு வெட்டுகிற சீசனில் சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டரெல்லாம் எங்கள் பட்டறை வாசலில்தான் மூச்சு வாங்கும். ஊரே வெல்லப்பாகு வாசனையில் ஊறிக் கிடக்கும். அந்த வாசனையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சுத்தமான இரும்பு வாசனை என்றால் ஒரு கிறுக்கு.

ரைஃபிளை வீட்டுக்கு எடுத்துவர முடியாது. அதனால் பட்டறையில் கிடந்த பழைய ஆணிகளைப் பொறுக்கினேன். முதலில் பழைய மசகைக் கழற்ற வேண்டும். பெட்ரோலில் ஒன்று கழுவினேன். கண்ணாடி மாதிரி ஆனது. ஒரு துளி எண்ணெய்கூட மிச்சமில்லாமல் உறிஞ்சிவிட்டதால், மறுநாள் பனியில் அதுதான் முதலில் சிவந்தது. டீசல் வேலை செய்தது. ஆனால் என் கை ரெண்டு நாள் நாறியதில் அம்மா என்னைச் சோறு போட விடவில்லை. மண்ணெண்ணெய்தான் சரியாக வந்தது. பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் அழுக்கு தானாகவே பிடியை விட்டது. காய்ந்த துணியால் துடைத்துவிட்டு உடனே எண்ணெய் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கடைசி எண்ணெய் எது என்பதுதான் கேள்வி.

"இன்ஜின் ஆயில் போடும்மா," என்றார் அப்பா. "நம்ப டிராக்டரே ஓடுது. இது ஓடாதா?"

"இது ஓட வேணாம்பா. சும்மா நின்னா போதும்."

"நிக்கறதுக்கு எதுக்கு ஆயிலு?"

ஆணிகளில் ஆளுக்கொரு எண்ணெய் தடவித் துணிக்கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். கொடியில் துணிக்குப் பதில் ஆணி தொங்கியதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் அப்பாவிடம் ரகசியமாக விசாரித்தார். காலேஜுக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று அப்பாவும் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார்.

கிரீஸ் தடவியது ரோட்டுப் புழுதி முழுவதையும் சேர்த்துக்கொண்டு கரும்புச்சக்கை மாதிரி ஆனது. விளக்கெண்ணெய் தடவியதில் ஒரு ஈ செத்துக் கிடந்தது. நல்லெண்ணெய் பத்து நாளில் பிசின். தையல் மிஷின் எண்ணெய் ஆணி சுத்தமாக இருந்தது.

அதைவிடச் சுத்தமாக, பளபளவென்று, முதல் பரிசு வாங்கியது தேங்காய் எண்ணெய் ஆணி. அதன்மேல் நாலைந்து எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

## பத்து வீட்டு எண்ணெய்

ஆயுதக் கிடங்கில் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்து முடிவெடுக்கக் கூடினோம். அதிகாரப்பூர்வமான ரைஃபிள் எண்ணெய் தலைமையிடத்திலிருந்து வர வேண்டும். கேட்டிருக்கிறோம், வரும் என்று ஹவில்தார் சார் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அதையேதான் சொன்னாராம்.

ஒவ்வொருத்தியும் தன் வீட்டு எண்ணெயைப் பரிந்துரை செய்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையைப் புகழ்கிற மாதிரி புகழ்ந்தார்கள்.

"தேங்கா எண்ணெதான் டெஸ்ட்ல பர்ஸ்ட்டு," என்றேன்.

"எங்கம்மா மிஷினுக்குப் போடற எண்ணெதான் கரெக்டு," என்றாள் பவானி. அவள் அம்மா தையல்காரர். "இருவது வருசமா ஓடுது. ஒரு நாளு மக்கர் பண்ணதில்ல."

"உங்கம்மா ஜாக்கெட்டே எனக்குப் பத்தல. இதுல எண்ணெ வேறயா?" என்றேன்.

"நீ குண்டாயிக்கினே போனா எங்கம்மா இன்னாடி பண்ணுவாங்க?"

மலர்க்கொடிக்கு ஊரே வெள்ளிமலை. எங்கள் அணியில் அவள் ஒருத்திதான் மலைக்காரி. "எங்க மலைல வேப்பெண்ணெதான் எல்லாத்துக்கும்," என்றாள். எல்லாரும் ஒரே குரலில் "சீ" என்றோம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சத்தம் ஜாஸ்தியாகி ஹவில்தார் சார் எட்டிப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்துவிட்டது.

"தலைக்குத் தேய்க்கறத ரைஃபிளுக்குத் தேய்ச்சீங்கன்னா," என்றார், "ரைஃபிளுக்கு ஒரு ரிப்பன் கட்டித் தினேஷ் கையில குடுத்துருவேன்."

அதோடு விவாதம் முடிந்தது. இரும்புக்குத் தையல் மிஷின் எண்ணெய், கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். ஆளிவிதை எண்ணெயைப் பெயின்ட் கடையில் வாங்கினோம். 'எந்த நிலைக்கதவுக்கும்மா?' என்று கடைக்காரர் கேட்டார். துப்பாக்கிக்கு என்றதும் பாக்கிச் சில்லறையைக் கேட்காமலே எண்ணிக் கொடுத்தார்.

மூன்று மாதம் ஒரு துரு இல்லை. தினேஷ் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்தான். சும்மா சொல்லவில்லை. விலங்கியல் ஆய்வகத்திலிருந்து நிஜமாகவே எடுத்து வந்திருந்தான்.

## மலை ஏறிய பாட்டில்

அப்புறம்தான் அந்த வாய்ப்பு வந்தது. குடியரசு தினத்துக்கு வெள்ளிமலைப் பள்ளியில் ஒரு பெரிய அதிகாரி கொடியேற்ற வருகிறார். அவருக்கு மரியாதை அணிவகுப்பு எங்கள் கல்லூரி கொடுக்க வேண்டும். ரைஃபிளோடு நாங்கள், கொடியோடு பையன்கள். தினேஷ் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

முதல் நாள் மதியம் வேனில் ஏறினோம். கல்வராயன் மலைப்பாதையின் வளைவுகளில் என் மதியச் சாப்பாடு என்ன ஆனது என்பது வேறு கதை. பவானியின் தையல் மிஷின் எண்ணெய் பாட்டில் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை. ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் மூடி கழன்று, வழிக்கு வாங்கி வைத்திருந்த முறுக்குப் பையில் முழுதாகக் கொட்டிவிட்டது. விஷயம் தெரியாமல் தினேஷ் மூன்று முறுக்குச் சாப்பிட்டு, "புதுக் கடையா? டேஸ்ட் வேற மாதிரி கீது," என்றான். நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

விடிந்து பார்த்தால் ரைஃபிள்களின் மேல் பனி முத்து முத்தாகக் கோத்திருந்தது. இதைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் அணிவகுப்புக்குள் சிவந்துவிடும். எண்ணெய் இல்லை. பத்துப் பேர் பையையும் தார்ப்பாயில் கொட்டினோம். எல்லார் பையிலும் இருந்தது ஒரே ஒரு எண்ணெய்தான். கொண்டை படிய வேண்டுமே என்று ஆளுக்கொரு பாட்டில் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்திருந்தோம்.

"சாரு கொன்னுருவாரு," என்றாள் பவானி.

"துருன்னா தினேஷ் எடுத்துக்குவான்," என்றேன். "இதுன்னா சாருக்குத் தெரியாது. டெஸ்ட்ல பர்ஸ்ட்டுடி."

பாட்டிலைக் கவிழ்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி உறைந்திருந்தது. கவனியுங்கள். உறைந்திருந்ததை நாங்கள் பத்துப் பேரும் எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். அதில் ஒருத்தி வேதியியல் வேறு.

"இதுக்கா பயந்துக்கினு கீறீங்க?" என்று சிரித்தாள் மலர்க்கொடி. "எங்க வூட்ல மார்கழி, தை ரெண்டு மாசமும் இப்டிதான். அடுப்பாண்ட வெச்சா உருகிரும். தலைக்கு ஊத்திக்கினா போதும்."

வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். உருகியது. சந்தோஷமாகப் பத்து ரைஃபிளுக்கும் அபிஷேகமே செய்தோம். போல்ட்டைத் திறந்து, மேலிருந்து ஊற்றி, மூடி, மறுபடி திறந்து, மறுபடி ஊற்றினோம். அப்போது என்ன அருமையாக ஓடியது தெரியுமா? வெண்ணெய் மாதிரி.

தலைக்கு ஊற்றினால் தலை சூடாக இருக்கும், ரைஃபிள் பனிக்கட்டி மாதிரி இருக்கும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

## மறுபடியும் மைதானம்

"இது இன்னா எண்ணெ?" என்ற கேள்விக்கு நான் பனிக்குள் கொடியைத் தேடினேன்.

"நான் சொல்லட்டுமா சார்?" என்றான் தினேஷ், கொடிக்குப் பின்னாலிருந்து.

"நீ வாய மூடிக்கினு நில்லு." ஹவில்தார் சார் என் போல்ட்டை ஒருமுறை தட்டிப் பார்த்தார். கட்டைபோல் நின்றது. அவர் குரல் இறங்கியது. அவர் குரலை உயர்த்தினால் பயமில்லை, இறக்கினால்தான் பயம். "கெஸ்ட்டு பாதி மலை ஏறிட்டாராம். அவரு வந்து நிக்கறப்ப பத்து போல்ட்டும் தொறக்கணும். இல்லேன்னா ரைஃபிள அவனுங்க கையில குடுத்துட்டு நீங்க கொடி புடிங்க. இன்னிக்கி மட்டும் இல்ல. எப்பவும்."

அவர் அப்படிச் சொல்லிவிட்டு ஒலிபெருக்கிக்காரரைப் பார்க்கப் போனார்.

நாங்கள் ரைஃபிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இதை உவமையாகச் சொல்லவில்லை. போல்ட்டை அக்குளில் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் பனியில் கண்ணை மூடி நின்றோம். அந்த ஈர இரும்பு அக்குளில் பட்டபோது வந்த சத்தத்தை இங்கே எழுத முடியாது. பத்து மனிதர்களின் சூடு ஒரு ரைஃபிளின் எண்ணெயைக்கூட உருக்கவில்லை. நாங்கள்தான் இன்னும் உறைந்தோம்.

"ஜோடிப் பொருத்தம் சூப்பர்," என்றான் தினேஷ். "கல்யாணத்துக்கு எண்ணெ நீங்களே கொண்டாந்துருங்க."

அப்போது காற்று திரும்பியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து நெய்யும் மிளகும் கலந்த வாசனை வந்தது. மலர்க்கொடி மூக்கை உயர்த்தினாள்.

"பொங்கலு," என்றாள்.

"இப்பத் தின்ற நேரமாடி?"

"தின்றதுக்கு இல்ல. அடுப்பு."

## பொங்கலுக்குக் காவல்

சமையல் கொட்டகையில் விழாவுக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பெரிய அண்டாவில் வெண்பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. கீழே விறகு தகதகவென்று எரிந்தது. சமையல்கார அம்மா நீளக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால், புகைக்கு நடுவே பத்துத் துப்பாக்கிகள்.

அவர் கரண்டியை விடவில்லை. மலைக்காரர்கள் லேசில் பயப்பட மாட்டார்கள்.

"துப்பாக்கியக் காட்டிதான் பொங்கலு கேப்பீங்களா?" என்றார். "கேட்டாலே குடுப்பனே."

"பொங்கலு வேணாம்மா. கொஞ்சம் அனல் காயணும்."

"நீங்களா, அதுவா?"

"அதுதாம்மா."

அவர் இன்னொரு விறகைத் தள்ளினார். நாங்கள் அண்டாவைச் சுற்றி வட்டமாக நின்று, போல்ட் பக்கத்தை நெருப்புப் பக்கம் காட்டினோம். கட்டை கருகக் கூடாதே என்று நான் 'திருப்பு' என்பேன். எல்லாரும் திருப்புவோம். சோளக்கதிர் சுடுகிற மாதிரிதான். முதலில் பவானியின் ரைஃபிளிலிருந்து, அந்தப் பக்கவாட்டு ஓட்டை வழியாக ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. அடுத்து என்னுடையதிலிருந்து.

"பொங்கல்ல வுழப்போவுது, தள்ளிப் புடி," என்றார் சமையல்கார அம்மா. "ஏற்கெனவே நெய்யி ஊத்தியாச்சி."

சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்திக்கு வந்தால் பத்துப் பேருக்கும் வரும். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருமினார்கள்.

அதிகாரி. சால்வைக்கு மேல் சால்வை, காதை மூடி மப்ளர். மலைப்பாதையில் குளிர்ந்துபோய், நெருப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்த ஹவில்தார் சார். அவருக்குப் பின்னால், காண வேண்டிய காட்சியைக் காண ஓடி வந்த தினேஷ்.

அதிகாரி எங்களைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். மறுபடி எங்களைப் பார்த்தார்.

"பொங்கலுக்கே இவ்ளோ செக்யூரிட்டியா?" என்றார்.

ஹவில்தார் சாரின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் என்னென்னவோ ஓடியது. பிறகு அவர் விறைப்பாக நிமிர்ந்தார். சமையல் கொட்டகையின் ஓடு அதிர, அவர் வாழ்க்கையிலேயே சத்தமான கமாண்டைக் கொடுத்தார்.

"கார்டு! நிரீக்ஷண் கே லியே, ஜாஞ்ச் ஷஸ்த்ர்!"

சடக்.

பத்து போல்ட், ஒரே சத்தம். அத்தனை மாதப் பயிற்சியில் அவ்வளவு சுத்தமாக அது விழுந்ததே இல்லை. உருகிய எண்ணெயில் போல்ட் போன வேகத்தில் என் கை பின்னால் இருந்த மிளகு டப்பாவைத் தட்டியது. அது விழுந்து உருண்டு தினேஷின் பூட்ஸில் போய் நின்றது.

அதிகாரி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் ரைஃபிளின் போல்ட்டில் விரலை வைத்தார். விரலில் எண்ணெய் ஒட்டியது. முகர்ந்தார். குளிரில் அவர் உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. யோசிக்காமல் அந்த விரலை அப்படியே உதட்டில் தேய்த்துக்கொண்டார். அப்புறம், பரவாயில்லையே என்பதுபோலப் பவானியின் ரைஃபிளிலும் ஒருமுறை தொட்டு, இரண்டு கைக்கும் தேய்த்துக்கொண்டார்.

"நல்லா மெயின்டன் பண்றீங்கம்மா," என்றார். "இன்னா ஆயில் யூஸ் பண்றீங்க?"

"லோக்கல் ஆயில் சார்," என்றார் ஹவில்தார் சார், நேராகச் சுவரைப் பார்த்தபடி.

## யார் கையில் ரைஃபிள்

கொடி ஏறியது. அதற்குள் வெயில் வந்து பனி விலகியதால் கொடி இருந்தது உறுதியானது. ஆயுதத்தை நிமிர்த்திப் பிடித்து மரியாதை செய்கிற சலாமி ஷஸ்த்ரில் எங்கள் வெள்ளைக் கையுறைகள் எண்ணெயும் கரியுமாக இருந்தன. யாரும் கவனிக்கவில்லை. பொங்கல் பிரமாதம்.

இறங்கும்போது வேனில் ஹவில்தார் சார் என் பக்கம் திரும்பினார். "தொறந்துச்சி. அதனால ரைஃபிள் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா ஊருக்குப் போன ஒடனே அந்த எண்ணெய எடுத்துரணும்." சரி சார் என்றோம். போனதும் செமஸ்டர் தேர்வு வந்துவிட்டது.

தேர்வு முடிந்து கிடங்கைத் திறந்தார்கள். ரைஃபிள் அடுக்கில் எறும்பு வரிசை. ஒவ்வொரு குழாயின் வாயிலும் நுழைந்து, பக்கவாட்டு ஓட்டை வழியாக வெளியே வந்து, அடுத்த ரைஃபிளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு எறும்புகூடக் கோடு தாண்டவில்லை.

ஹவில்தார் சார் குனிந்து அந்த வரிசையைப் பார்த்தார். "வரிசை பிசகாத டிரஸ்ஸிங்னா இது," என்றார். "உங்களுக்கு எவ்ளோ நாளா சொல்லிக்கினு கீறேன்."

தினேஷ் முன்னால் வந்தான். "சார், நீங்க சொன்னீங்களே. கோளாறுன்னா எங்களுக்குத்தான்னு."

சார் யோசித்தார். "துருன்னுதான் சொன்னேன். இது துரு இல்ல," என்றார். "ஆனா சாயங்காலத்துக்குள்ள ஒரு எறும்பு கூட இருக்கக் கூடாது. இருந்துச்சின்னா எடுத்துக்க."

மறுபடியும் தார்ப்பாய், மறுபடியும் மண்ணெண்ணெய், டூத் பிரஷ். துடைத்துவிட்டோம். அரைமணி நேரத்தில் எறும்பு திரும்ப வந்தது. கட்டைக்குள் ஊறியிருந்த வாசனை போகவில்லை. மறுபடி துடைத்தோம். மறுபடி வந்தது. யார் வீட்டு எண்ணெய், யார் அம்மா சொன்னது என்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

மலர்க்கொடி பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தாள். வேப்பெண்ணெய்.

இந்தத் தடவை யாரும் "சீ" என்று சொல்லவில்லை. இரும்புக்கு மிஷின் எண்ணெய், கட்டைக்கு முழுக்க வேப்பெண்ணெய். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு தேய்த்தோம்.

சாயங்காலம் தினேஷ் பூதக்கண்ணாடியோடு வந்தான். கிடங்கு வாசலிலேயே நின்றுவிட்டான். எறும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் உள்ளே வர வேண்டும். ஒரு கால் வைத்தான். எடுத்துக்கொண்டான்.

"வா தம்பி," என்றாள் பவானி. "தூக்கிப் பாரு. தோள்ல சாத்திப் பாரு."

"நீங்களே வெச்சிக்கோங்க," என்றான் தினேஷ், பூதக்கண்ணாடியால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

அதற்குப் பிறகு நான் படிப்பை முடித்து வெளியே வரும்வரை எந்தப் பையனும் அந்த ரைஃபிள்களைக் கேட்கவே இல்லை. ஹவில்தார் சார் மட்டும் ஒரு சின்ன மாற்றம் செய்துகொண்டார். அணிவகுப்புக்கு முன்னால் கொஞ்சம் மண்ணைக் கிள்ளிக் காற்றில் விட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். பார்த்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்று எங்களுக்குக் கமாண்ட் கொடுப்பார்.